ஓடை ஏறி வரும் காடு

ஆத்தூருக்குப் பக்கத்தில், கல்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கிறது ஆனைவாரி முட்டல் அருவி. 2021 அக்டோபர் இறுதியில் அங்கே எடுத்த ஒரு காணொளி தமிழ்நாட்டின் கைப்பேசிகளையெல்லாம் சுற்றி வந்தது. கைக்குழந்தையை அணைத்தபடி ஒரு தாய் பாறையில் ஒட்டி நிற்கிறார். காலடியில் செம்மண் நிறத்தில் தண்ணீர் புரண்டு போகிறது. பாறையைப் பற்றி இறங்கிய சிலர், கயிற்றின் துணையோடு பிள்ளையையும் தாயையும் மேலே ஏற்றிவிடுகிறார்கள். ஏற்றிவிட்டவர்களில் இருவர் பிடி நழுவி வெள்ளத்தில் விழுகிறார்கள். நல்லவேளை, நீந்திக் கரை சேர்ந்துவிட்டார்கள். முதலமைச்சர் அவர்களைப் பாராட்டினார். நாடே பாராட்டியது.

பார்த்தவர்கள் பலர் கேட்டது, மழைநாளில் அங்கே ஏன் போனார்கள் என்று. எனக்குத் தோன்றிய கேள்வி வேறு. அந்த அருவிக்கு மேலே எவ்வளவு காடு இருக்கிறது? இருக்கும் காடு பழையதா, வெட்டிய பிறகு மறுபடி முளைத்ததா? இதற்கு விடை வேண்டுமென்றால் கார் போகும் வழியில் போய்ப் பயனில்லை. ஓடை வழியாக மேலே ஏற வேண்டும்.

சேலம், நாமக்கல் சமவெளியில் எங்கே நின்று திரும்பிப் பார்த்தாலும் ஒரு மலை கண்ணில் படும். வடக்கே சேர்வராயன், கிழக்கே கல்வராயன், தெற்கே போதமலையும் கொல்லிமலையும், அதற்கப்பால் பச்சைமலை. நடுவில் கஞ்சமலை, ஜருகுமலை, நைனாமலை என்று தனித்தனியாக நிற்கும் கரடுகள். ஒவ்வொரு மலையும் கீழே ஓர் ஆற்றை அனுப்புகிறது. சேர்வராயனிலிருந்து திருமணிமுத்தாறும் சரபங்காவும், கல்வராயனிலிருந்து வசிட்ட நதியும், கொல்லிமலையிலிருந்து ஐயாறும் கரைபோட்டான் ஆறும். பெயர் பெரிது, தண்ணீர் சிறிது. ஆண்டின் பாதி நாள் மணலும் சீமைக்கருவேலமும்தான் தெரியும். ஆனால் மேலே, மலையின் மடிப்புகளுக்குள், கோம்பை என்று இந்தப் பக்கத்து ஆட்கள் சொல்லும் பள்ளத்தாக்குகளில், சித்திரை வெயிலிலும் ஈரம் வற்றாத இடங்கள் உண்டு.

ஒரே அடியில் நாலு தண்டு

முட்டல் ஏரியில் வனத்துறை படகு விடுகிறது. ஏரியைத் தாண்டிக் காட்டுக்குள் நடந்தால் அருவி. விடுமுறை நாளில் கூட்டம் குளித்துவிட்டு அப்படியே திரும்பிவிடும். கூட்டத்தைக் குறை சொல்லவில்லை. ஆத்தூர் வெயிலில் வேறென்ன செய்வது? ஆனால் இந்த மலைகளில் எந்த ஓடையோரமாக நடந்தாலும், கண்ணை அருவியிலிருந்து எடுத்துக் கரையில் வைத்தால், காட்டின் வயதை ஓரளவு கணித்துவிடலாம்.

தண்ணீரை ஒட்டி நிற்பவை நீர்மருது, புங்கன், நாவல், அத்தி. பருத்த ஒற்றைத் தண்டு, அகலக் கிளைகள், பாறையைக் கவ்விய வேர். ஓடையை விட்டு இருபதடி சரிவில் ஏறுங்கள், மரங்களின் தோற்றமே மாறிவிடும். உசிலை, வெக்காலி, பொரசு, வெட்பாலை எல்லாம் இடுப்பளவு, தொடையளவுப் பருமன்தான். பல மரங்கள் ஒரே அடியிலிருந்து நாலைந்து தண்டாகக் கிளம்பியிருக்கும். விதையிலிருந்து வந்த மரம் பெரும்பாலும் அப்படி வளர்வதில்லை. என்றோ ஒருநாள் வெட்டிப் போட்ட அடிக்கட்டையிலிருந்து துளிர்த்துத்தான் இந்த வடிவம் வரும். வேர் பழையது, மேலே தெரிவது புதியது. வெளியூர்க்காரர் அழகான இளங்காடு என்று படமெடுத்துப் போவார். உள்ளபடி அது பலமுறை வெட்டுப்பட்டும் சாகாமல் நிற்கும் கிழட்டுக் காடு.

இன்னும் மேலே, பாறை முகடுகளை ஒட்டித் தணக்கும் கிளுவையும் குங்கிலியமும். தணக்கங்காய்க்கு இரண்டு நீண்ட இறக்கைகள் உண்டு. காம்பிலிருந்து விடுபட்டால் சுழன்று சுழன்று காற்றில் வெகுதூரம் போகும். பொரசுக்கும் வெக்காலிக்கும்கூட இறக்கை வைத்த விதைகள்தான். முகட்டுக் காடு காற்றில் திரும்புகிறது, பள்ளத்துக் காடு பறவையின் வயிற்றில் திரும்புகிறது. இரண்டும் நடுச்சரிவில் சந்திக்க வேண்டும். அந்த நடுச்சரிவில்தான் ஆடும் தீயும் உண்ணிச்செடியும் காத்திருக்கின்றன.

யார் வெட்டினார்கள்?

மலைவாழ் மக்கள் இடம் மாற்றி வெட்டி விவசாயம் செய்து காட்டை அழித்தார்கள் என்ற கதை ஆங்கிலேயர் காலக் கோப்புகளிலிருந்து இன்றைய மேடைப்பேச்சு வரை வந்துகொண்டிருக்கிறது. சேலத்து மலைகளைப் பொறுத்தவரை கணக்கை வேறிடத்தில் தொடங்க வேண்டும்.

ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தை விட்டுவிட்டு 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். தாது சேலத்தினுடையது, கஞ்சமலை இரும்பின் பெயர் அப்போதே இங்கிலாந்து வரை போயிருந்தது. காவிரிக் கரையில், இப்போது பரிசல் சவாரிக்குக் கூட்டம் போகும் பூலாம்பட்டியிலும் அந்தக் கம்பெனிக்கு உலை இருந்தது. உலைக்குத் தேவை நிலக்கரி அல்ல, மரக்கரி. ஒரு பங்கு இரும்புக்குப் பல பங்கு மரக்கரி. அந்த மரக்கரிக்கு அதைவிடப் பல பங்கு விறகு. பக்கத்துக் காடு தீரத் தீர விறகு தூரத்திலிருந்து வர வேண்டியிருந்தது. செலவு ஏறியது, கம்பெனி நொடித்தது. உலைகள் அணைந்த சமயத்தில், 1860களின் தொடக்கத்தில், சென்னையிலிருந்து ஜோலார்பேட்டை, சேலம் வழியாக ரயில் பாதை வந்து சேர்ந்தது. தண்டவாளத்துக்கு அடியில் கட்டை, எஞ்சினுக்குள் விறகு. மறுபடியும் காடு.

1882இல் சென்னை வனச் சட்டம் வந்து காப்புக்காடுகள் எல்லை பிரிக்கப்பட்டன. வெட்டு நின்றதா என்றால், இல்லை, முறைப்பட்டது. காட்டைக் கூப்பு கூப்பாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு கூப்பை விறகுக்கு ஏலம் விட்டு, அது துளிர்த்து வளர்ந்தபின் மறுபடி வெட்டுவது. சரிவில் நாம் பார்க்கும் பலதண்டு மரங்களில் எத்தனை ஹீத் காலத்துக் கோடரிக்குச் சாட்சி, எத்தனை கூப்புக் காலத்துக்குச் சாட்சி என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

மலை உச்சிகளுக்கு நேர்ந்தது வேறு. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் ஏற்காட்டுக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். காப்பிக்கு நிழல் வேண்டும். பழைய சோலை மரங்களை அப்படியே விட்டு அடியில் காப்பி வைத்த தோட்டங்களும் உண்டு. பிற்பாடு ஆஸ்திரேலியாவின் சில்வர் ஓக் வரிசைகட்டி வந்தது. நேராக வளரும், மிளகுக் கொடி ஏறும், நல்ல விலைக்கு வெட்டலாம். கொண்டை ஊசி வளைவில் திரும்பும் பேருந்திலிருந்து பார்த்தால் அடர்ந்த காடு போலத்தான் இருக்கும். இறங்கி உள்ளே நடந்தால் ஒரே மரம், ஒரே சருகு. அத்திக்காக வரும் குக்குறுவான் பறவைக்கு அங்கே என்ன வேலை? இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மால்கோ நிறுவனம் ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் பாக்சைட் வெட்டியது. மேல்மண்ணையே வாரி எடுத்த இடத்தில் துளிர்க்க வேரும் இருக்காது.

கொல்லிமலைக்குத் தனியாக ஒரு காரணம் உண்டு. அது வெள்ளைக்காரன் கொண்டுவந்ததல்ல, சேலம் கொண்டுவந்தது: ஜவ்வரிசி. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த சரிவுகளில் குச்சிக்கிழங்கு ஏறியது. கீழே சேகோ ஆலைகள் வாங்கக் காத்திருந்தன. 1981இல் சேலத்தில் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தபின் விற்பனைக்கு ஒரு பிடிமானமும் கிடைத்தது. மலைக்குடும்பங்கள் கையில் பணம் பார்த்தன. அதைத் தவறென்று சொல்ல நாம் யார்? ஆனால் கிழங்கைப் பிடுங்கும்போது மண் கிளறப்படுகிறது, அடுத்த மழையில் அது ஓடைக்குள் இறங்குகிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து கொல்லிமலையில் சிறுதானியங்களை மீட்க உழைத்திருக்கிறது. அந்த உழைப்புக்கு விதைப் பாதுகாப்பு என்று பெயர். ஓடையில் நின்று பார்த்தால் அது மண் பாதுகாப்பும்கூட.

பள்ளத்தில் மிஞ்சியது

இத்தனைக்குப் பிறகும் காடு திரும்பி வருகிறதென்றால், எங்கிருந்து வருகிறது?

கொல்லிமலையில் அறப்பளீசுவரர் கோயிலிலிருந்து ஆகாயகங்கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்குகின்றன. கோயில் தேவாரத்தில் பெயர் சொல்லப்படும் தலம். அறுத்துச் சமைத்த மீன் மறுபடி பொருந்தி நீந்திப் போனது என்று தலக்கதை. கோயிலோரத்து ஓடை மீனை இன்றும் யாரும் பிடிப்பதில்லை, பொரி போடுகிறார்கள். படியில் பாதி தூரம் இறங்கினாலே காற்று மாறிவிடும். வெயில் மேலேயே நின்றுவிடுகிறது, கைப்பிடிச் சுவரில் பாசி, பாறை இடுக்கில் பெரணி, எட்டிப் பார்த்தால் நெடுநெடுவென்று மரங்கள். சுமார் 300 அடி உயரத்திலிருந்து ஐயாறு கீழே விழுகிறது. விழுந்த தண்ணீர் செங்குத்தான பள்ளம் வழியே கிழக்கே இறங்கித் திருச்சி மாவட்டத்துப் புளியஞ்சோலைக்குப் போகிறது.

இந்தப் பள்ளம் தப்பியதற்குப் பக்தி மட்டும் காரணமில்லை. சரிவு கடுமை, வெட்டினாலும் தூக்கிக்கொண்டு ஏற முடியாது. மாடு இறங்காது. மாசி, பங்குனியில் முகட்டில் பிடிக்கும் தீ ஈரச் சருகை எட்டியதும் சோர்ந்துவிடும். மேலிருந்து அரித்து வந்த நல்ல மண்ணும் இங்கேதான் தங்குகிறது. பஞ்சகாலத்திலும் விதைநெல்லைத் தனிக் குதிரில் ஒளித்து வைக்கும் குடியானவர் வீடு போல, இந்த மலைகள் தங்கள் விதையைப் பள்ளங்களில் வைத்துக் காத்திருக்கின்றன.

பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சிட்டிபாபுவும் பார்த்தசாரதியும் கொல்லிமலைச் சோலைகளில் நான்கு இடங்களைத் தேர்ந்து, இடத்துக்கு 2 ஹெக்டேர் வீதம் மரம் மரமாக எண்ணினார்கள். 2000இல் வெளியான அந்த ஆய்வில் மொத்தம் 78 வகை மரங்கள். எண்ணிக்கையைவிட முக்கியம் அவர்கள் கண்ட சரிவு: மனிதக் கை குறைவாகப் பட்ட சோலையில் வகை அதிகம், அதிகம் பட்டதில் குறைவு. கேட்டால் இதற்கு ஆய்வு வேண்டுமா என்று தோன்றும். வேண்டும். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாச் சோலையும் ஒரே பச்சைதான்; செயற்கைக்கோளுக்கும் அப்படித்தான். எந்தப் பள்ளத்தில் விதை இருக்கிறது என்று மரத்தை எண்ணினால் மட்டுமே தெரியும்.

மரத்தைவிட நம்பகமான சாட்சி ஒன்று மண்ணுக்குள் இருக்கிறது. ராசிபுரம் பக்கத்துப் போதமலையில், சருகுக்கு அடியில் ஈரமண்ணைத் துளைத்து வாழும் கேடயவால் பாம்பு ஒன்றை 2013இல் புதிய இனமென்று அறிவித்தார்கள். ரைனோஃபிஸ் கோவெரி என்று பெயர். சேர்வராயனுக்கும் இதுபோல் தனக்கென்று ஒரு கேடயவால் உண்டு. ஷார்ட் என்ற மருத்துவரின் பெயரைச் சூட்டி 1863இல் பெடோம் விவரித்த யூரோபெல்டிஸ் ஷார்ட்டி. விஷமில்லாத, விரல் பருமன் பிராணிகள். பறக்காது, வெயில் காயும் சமவெளியைக் கடந்து அடுத்த மலைக்குப் போகாது. அவை இன்றும் இருக்கின்றன என்றால், அந்த மலையில் எங்கோ ஈரமான காட்டுமண் முழுதாக வற்றிப்போன காலம் வந்ததே இல்லை என்று அர்த்தம். நாமக்கல்லைக் கோழிப்பண்ணைக்கும் லாரிக்கும் பெயர்போன ஊராக மட்டும் அறிந்தவர்களுக்கு இதைச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

பள்ளத்து விதை சரிவில் ஏறுவது பறவைகளால். ஓடையோரத்து அத்தியில் தின்ற குக்குறுவானும் சின்னானும் சற்று மேலே ஒரு பட்ட மரத்தில் போய் உட்காரும். எச்சத்தோடு விதை விழும். பழந்தின்னி வௌவாலும் மரநாயும் இரவுப் பங்கைச் செய்கின்றன. கரடி நடமாடும் இடத்தில் அதன் விட்டையைக் கிளறினால் கொன்றை விதையும் நாவல் கொட்டையும் கிடைக்கும். விழுந்த விதை நாலைந்து கோடை தாண்ட வேண்டும். அந்த நாலைந்து கோடையில் ஒரு தீ வந்தால் போயிற்று, மறுபடி முதலிலிருந்து.

அடுப்பும் ஆடும்

கடந்த கால் நூற்றாண்டில் சரிவுகளுக்குக் கொஞ்சம் மூச்சு கிடைத்திருக்கிறது. 1997இல் ஜப்பான் கடனுதவியோடு தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டம் தொடங்கியது. காட்டோரக் கிராமங்களில் வனக்குழு, ஓடைகளின் குறுக்கே தடுப்பணை, மேய்ச்சலைக் குறைப்பவர்களுக்குச் சிறுகடன். அந்தத் திட்டத்தில் நட்ட நாற்றுகள் எத்தனை பிழைத்தன என்பதைவிட, நடாத இடத்தில் மேய்ச்சல் குறைந்ததால் தானாக முளைத்தவை எத்தனை என்று யாராவது எண்ணியிருந்தால் சுவாரசியமாக இருந்திருக்கும். அரசுக் கணக்கில் நட்ட நாற்றுக்குத்தான் பத்தி உண்டு, முளைத்ததற்கு இல்லை.

உண்மையான உபகாரம், என் கணிப்பில், காட்டை நினைத்தே செய்யப்படாத ஒரு திட்டத்திலிருந்து வந்தது. 2006 தேர்தலுக்குப் பின் தமிழக அரசு கொடுத்த இலவச எரிவாயு அடுப்பு. தலைச்சுமை விறகுக்குக் காட்டுக்குள் போன பெண்களின் எண்ணிக்கை குறைந்தது. அடிக்கட்டைத் துளிர்கள் கட்டை விரல் பருமனில் வெட்டுப்படாமல் தப்பின. சிலிண்டர் விலை ஏறும் மாதங்களில் விறகுக் கட்டு மறுபடி தலையில் ஏறுவதும் உண்டு. பிறகு 2011இல் அடுத்த அரசு ஏழைக் குடும்பத்துக்கு நான்கு ஆடு கொடுத்தது. அடுப்பு காப்பாற்றிய துளிரை ஆடு மேய்ந்தது. இரண்டு திட்டமும் ஏழைக்கு நல்லதுதான். ஒரே கோட்டையிலிருந்து வந்த இரண்டு ஆணைகள் ஒரே சரிவில் சந்தித்துக்கொண்டதை எந்தக் கோப்பும் பதிவு செய்யவில்லை.

மூன்றாவது ஆள் உண்ணிச்செடி. தென்னமெரிக்காவிலிருந்து அழகுச் செடியாக வந்தது. இன்று காப்புக்காட்டுத் தடங்களில் இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்குப் புதர். பூவைப் பார்த்து ரசிப்பவர்கள் முள்ளைத் தொட்டபின் கருத்தை மாற்றிக்கொள்வார்கள்.

இங்கே நியூசிலாந்தை ஒரு முறை எட்டிப் பார்க்கலாம். பேங்க்ஸ் தீபகற்பத்தில் ஹைனவாய் என்ற தனியார் காப்புக்காடு 1987இல் தொடங்கியது. ஹியூ வில்சன் என்ற தாவரவியலாளர் பொறுப்பு. நிலத்தின் பெரும்பகுதியில் கோர்ஸ் என்ற ஐரோப்பிய முட்புதர். அக்கம்பக்கத்து விவசாயிகள் வெட்டச் சொன்னார்கள். அவர் வெட்ட மறுத்தார். புதரின் நிழலில் உள்ளூர் மரக்கன்றுகள் முளைக்கும், வளர்ந்து மேலே போனதும் நிழல் பொறுக்காத கோர்ஸ் தானே சாகும் என்றார். அப்படியே நடந்தது. இன்று அங்கே உள்ளூர்க் காட்டுக்குள் ஓடையோரமாக நடைத்தடங்கள் ஓடுகின்றன, பார்க்க உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள்.

அந்த உதாரணத்தைக் காட்டி, உண்ணிச்செடியையும் விட்டுவிடுங்கள், காடு தானே மேலே வரும் என்று வாதிடுகிறவர்கள் இங்கேயும் உண்டு. எனக்கு ஒப்புதலில்லை. ஹைனவாய் மழைக்கும் குளிருக்கும் பழகிய இடம். நம் சரிவில் ஆண்டுதோறும் நாலு மாதம் கடும் உலர்காலம். உண்ணிச்செடி காய்ந்தால் தரையிலிருந்து கிளை வரை தீ ஏறும் ஏணி. எரிந்தபின் அதுதான் முதலில் துளிர்க்கும், அடியில் நின்ற கன்று திரும்பாது. மொத்தமாக இயந்திரம் விட்டுப் பிடுங்குவதும் தவறு. கிளறிய மண்ணில் அதே செடி இரட்டிப்பாக முளைக்கும். ஓடையை ஒட்டி, ஏற்கனவே கன்றுகள் இருக்கும் இடத்தில் தொடங்கி, கையால் வேரோடு எடுத்து, இரண்டு மூன்று ஆண்டு திரும்பத் திரும்ப வந்து பார்க்க வேண்டும். 2022இல் தமிழ்நாடு அரசு அந்நியத் தாவரங்களுக்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டிருக்கிறது. சீமைக்கருவேலமும் உண்ணிச்செடியும் அதில் இருக்கின்றன. நடைமுறை ஒப்பந்ததாரரின் கணக்கில் நடக்கிறதா, காட்டின் கணக்கில் நடக்கிறதா என்பதுதான் விஷயம்.

எல்லா இடத்திலும் சும்மா விட்டால் போதும் என்றும் சொல்லிவிட முடியாது. ஆரோவில் 1968இல் தொடங்கியபோது அங்கே வேரும் இல்லை, விதை தரும் மரமும் பக்கத்தில் இல்லை. நட்டே தீர வேண்டியிருந்தது. பாக்சைட் வெட்டிய மேடும் அப்படித்தான். ஆனால் சேலத்துச் சரிவுகளில் பெரும்பகுதிக்கு இன்னும் பக்கத்திலேயே பள்ளம் இருக்கிறது. அங்கே போய்க் குழி தோண்டி, லாரியில் வந்த நாற்றை நட்டு, அமைச்சரோடு படம் எடுத்துக்கொள்வது, முளைத்துக்கொண்டிருக்கும் கன்றை மிதித்துவிட்டு வருவதில் முடியும்.

தண்ணீர்க் கணக்கு

இப்போது ஆனைவாரிக்குத் திரும்பலாம். மேலே காடு நன்றாக இருந்திருந்தால் அந்த வெள்ளம் வந்திருக்காதா?

வந்திருக்கும். வடகிழக்குப் பருவமழை ஒரே பிற்பகலில் கொட்டித் தீர்க்கும்போது, மண் நிறைந்தபின் எந்தக் காடும் தண்ணீரைப் பிடித்து வைக்காது. செங்குத்து மலையில் ஓடை சில நிமிடங்களில் ஏறும். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும், மேலே மழை பெய்திருக்கும். காடு சிறு மழையையும் நடுத்தர மழையையும்தான் மட்டுப்படுத்துகிறது. சருகும் வேரும் மண்ணைத் திறந்து வைக்க, நீர் உள்ளே இறங்கி மெதுவாக வெளியே வருகிறது. நீரின் நிறத்தில் அந்த வித்தியாசம் தெரியும். மரம் வளர்த்தால் ஓடையில் தண்ணீர் பெருகும் என்ற சுவரெழுத்தையும் கொஞ்சம் சந்தேகிக்கலாம். பாஷும் ஹியூலெட்டும் உலகெங்கும் நடந்த 94 நீர்ப்பிடிப்புச் சோதனைகளைத் தொகுத்து 1982இல் எழுதிய கட்டுரை சொல்வது, காடு குறைந்தால் ஓடும் மொத்த நீர் கூடுகிறது என்று. மரம் குடிக்கிறது, வேகமாக வளரும் இளமரம் இன்னும் அதிகம் குடிக்கிறது. ஆகவே திரும்பி வரும் காடு முதல் சில பத்தாண்டுகளில் ஓடையை மெலிய வைக்கவும் கூடும். நமக்கு வேண்டியது மொத்த நீரா, பங்குனியில் மிஞ்சும் நீரா? கெட்டிப்பட்டுப்போன மண் மறுபடி திறந்து நீரை உள்வாங்கத் தொடங்கினால், பின்னது கிடைக்க வாய்ப்புண்டு. எந்த ஓடையில் எது நடக்கிறதென்று தெரிய, தடுப்பணை கட்டுகிற செலவில் ஒரு பகுதியை ஓடை நீரை ஆண்டு முழுக்க அளக்கும் கருவிகளுக்கு ஒதுக்கலாம்.

நடப்பவர்கள்

2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணி. காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் மாண்டார்கள். அதன்பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 14 மாவட்டங்களில் 40 தடங்களோடு ‘ட்ரெக் தமிழ்நாடு’ தொடங்கியது. சேர்வராயன் தடங்களும் பட்டியலில் உண்டு. இணையத்தில் பதிவு, உள்ளூர் இளைஞர்கள் வழிகாட்டி, தீக்காலத்தில் நடை நிறுத்தம். கட்டணம் அதிகம் என்று முணுமுணுப்பு இருக்கிறது; குடும்பத்தோடு போக நினைக்கும் சேலத்து நெசவாளிக்கு அது நியாயமான முணுமுணுப்பு. வழிகாட்டியின் கூலி அதிலிருந்து வருகிறது என்பதும் நியாயம். தீயை முதலில் பார்த்துச் சொல்பவரும் அந்த வழிகாட்டிதான்.

ஓடைத் தடத்தில் நடப்பவர் தெரிந்துகொள்ள வேண்டியவை அதிகமில்லை. ஐப்பசி, கார்த்திகையில் ஓடைக்குள் இறங்காதீர்கள். மார்கழி, தை நல்லது. தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, மேலே பார்த்து யோசிக்காமல் பக்கவாட்டில் ஏறுங்கள். கரையில் நடப்பதைவிடப் பாறைமேல் நடங்கள். கரை மண்ணில்தான் கன்று இருக்கிறது. சோப்பு, ஷாம்பு பாக்கெட் வேண்டாம். இதை எழுதுவதால் பயனிருக்குமா தெரியவில்லை. ஆகாயகங்கைப் படிக்கட்டில் ஒரு ரூபாய் பாக்கெட்டுகள் எல்லா நிறத்திலும் கிடக்கின்றன.

அடிவாரத்து எல்லைக்கல்லோடு வனத்துறையின் காடு முடிகிறது. அதற்குக் கீழே அதே ஓடை நீர்வளத்துறைக்குச் சொந்தம், பிறகு ஊராட்சிக்கு, பிறகு மாநகராட்சிக்கு. ஏற்காட்டு அடிவாரத்து நீர் கன்னங்குறிச்சிப் புதுஏரிக்கு வந்து, அது நிரம்பினால் மூக்கனேரிக்குப் போகிறது. குப்பைமேடாகிக்கொண்டிருந்த மூக்கனேரியை 2010இல் பியூஷ் மானுஷும் சேலம் மக்கள் குழுவும் கையிலெடுத்து, தூர்வாரிய மண்ணைக் கொண்டே ஏரிக்குள் தீவுகள் அமைத்து மரம் வைத்தார்கள். அந்தத் தீவுகளில் இப்போது பறவைகள் அடைகின்றன. நடாத மரங்கள் சில அங்கே முளைத்திருப்பதைக் கரையில் நின்றே பார்க்கலாம். திருமணிமுத்தாற்றுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. மஞ்சவாடி மலையில் தெளிவாகப் புறப்பட்டு, சேலம் நகருக்குள் சாக்கடையையும் சாயத்தையும் வாங்கிக்கொண்டு, நாமக்கல் மாவட்டம் நஞ்சை இடையாற்றில் காவிரியில் கலக்கிறது.

நாற்பது தடங்களும் மலைக்குள்ளேயே இருக்கின்றன. நாற்பத்தொன்றாவதைச் சமவெளியில் போடலாம் என்பது என் யோசனை. அடிவாரத்தில் தொடங்கிப் புதுஏரி, மூக்கனேரி வழியாக நகருக்குள் நுழைந்து, திருமணிமுத்தாற்றங்கரையோடு இறங்கும் ஒரு நடை. கட்டணம் வேண்டாம். வழிகாட்டியாக மாநகராட்சிப் பொறியாளர் ஒருவரை அனுப்பினால் போதும்.